கேட்டதும் சொன்னதும்: 20 அடிப் பதாகைக்கு ரெண்டர்

கேள்வி: கும்பாபிஷேகத்துக்காக எங்கள் கோயில் இராசகோபுரத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்திருக்கிறேன். 20 × 10 அடி ஃபிளெக்ஸ் பதாகைக்கு அச்சகத்தார் 72 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி) கேட்கிறார்கள். அதில் படத்தைக் கணித்து வரையும் (ரெண்டர் செய்யும்) சைக்கிள்ஸ் கடைசித் துண்டுவரை ஓடிவிட்டு, முடியப்போகும் நேரம் பிளெண்டர் தானாக மூடிக்கொள்கிறது. ராம் 16 ஜி.பி. பிரித்து எடுத்து ஒட்டலாமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: ஒட்டலாம். ஆனால் முதலில் அச்சகத்தாரிடம் 36 டி.பி.ஐ. போதுமா என்று கேளுங்கள். தேர்முட்டியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பிக்சல் எண்ணிக்கையோ காற்பங்காகிவிடும்.

72தான் வேண்டுமென்றால் படம் 17,280 × 8,640, ஏறக்குறைய 15 கோடி பிக்சல். ஒரு பிக்சலுக்கு 16 பைட், ஆக ஒரு படத்துக்கே 2.4 ஜி.பி. பிளெண்டர் 3.0 முதல் சைக்கிள்ஸ் தானே 2,048 பிக்சல் துண்டுகளாகப் பிரித்து வட்டில் எழுதுகிறது. முடிவில் அவ்வளவையும் ராமுக்குள் இழுத்துத்தான் டீநொய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குதல்) செய்யும். அப்போது மூலப்படம், துப்புரவான படம், அதற்கு உதவும் அல்பிடோ (பரப்பின் நிறம்), நோர்மல் (பரப்பின் திசை) படங்கள் எல்லாம் சேர்ந்து 8 ஜி.பி.யைத் தாண்டும். உங்களுக்குக் கடைசியில் மூடிக்கொள்வது அதனால்தான்.

படத்தை 4 × 2 ஆக, எட்டு ஃபிரேம் அனிமேஷனாக எடுங்கள். ஒரு துண்டு 4,320 பிக்சல் சதுரம். டீநொய்ஸ் ஓரங்களில் தடுமாறும் என்பதால் நான்கு பக்கமும் 64 பிக்சல் கூட்டி 4,448 × 4,448 என்று வையுங்கள். சட்டகத்துக்குள் ஒரு துண்டு மட்டும் வர, கமராவின் சென்சர் அகலம் 36 மி.மீ. என்றால் அதை 9.2667 ஆக்குங்கள். ஃபோக்கல் லெங்தைக் கூட்டினாலும் அதே சட்டகம் கிடைக்கும், ஆனால் பின்னணி மங்கல் மாறிவிடும், அதைத் தொடவேண்டாம்.

கமராவைத் திருப்பாமல் சட்டகத்தைத் துண்டுக்குத் துண்டு நகர்த்துவது ஷிப்ட். எக்ஸ் ஷிப்ட் (பக்கவாட்டில்) இடமிருந்து வலமாக –1.4568, –0.4856, 0.4856, 1.4568. வை ஷிப்ட் (மேல் கீழாக) மேல்வரிசைக்கு 0.4856, கீழ்வரிசைக்கு –0.4856. மேல்வரிசை 1 முதல் 4 வரை, கீழ்வரிசை 5 முதல் 8 வரை கீஃப்ரேம் போட்டு (அந்தந்த ஃபிரேமுக்கு மதிப்பைப் பதிந்து), இடைநிலையைக் கொன்ஸ்டன்ட் (மதிப்பு படிப்படியாக நகராதது) ஆக்குங்கள். கோபுரம் பின்னால் சரியாமலிருக்க ஏற்கெனவே வை ஷிப்ட் கொடுத்திருந்தால் அதை 3.885ஆல் பெருக்கி இவற்றோடு கூட்டவேண்டும். மோஷன் பிளர் (அசைவு மங்கல்) நிறுத்தப்பட்டிருக்கட்டும். கொடி, விளக்குச்சுடர் என்று அசையும் எதையும் உறையவைத்துவிடுங்கள்.

ஓவர்ரைட் (இருக்கும் கோப்பின்மேல் எழுதுதல்) குறியையும் எடுத்துவிடுங்கள். மின்சாரம் நின்று வந்தாலும் முடிந்த துண்டுகளை விட்டுவிட்டு மிச்சத்திலிருந்து தொடங்கும். பாதியில் அறுந்த கோப்பு இருந்தால் அதை மட்டும் அழியுங்கள்.

முதலில் ரெசொலூஷனை 25 வீதத்தில் ஓட்டிப் பாருங்கள்: துண்டு 1,112 பிக்சல் வரும், ஓரத்தில் 16 வெட்டினால் 1,080. பொருந்தினால் முழு அளவுக்குப் போகலாம்.

துண்டுகள் 16 பிட் பி.என்.ஜி.யாக இருக்கட்டும். இமேஜ்மஜிக் என்ற கட்டளைவரி மென்பொருளில் ஷேவ் கட்டளையால் 64 பிக்சல் வெட்டி, மொண்டேஜ் கட்டளையில் டைல் 4 × 2, ஜியோமெட்ரி +0+0 கொடுத்தால் ஒட்டிவிடும். உபுந்துவில் அகலம் 16,000 பிக்சலுக்கு மேல் என்று மறுத்தால் இமேஜ்மஜிக்கின் பாலிசி கோப்பில் வரம்பை உயர்த்துங்கள். ஒளிவட்டம் போன்ற கொம்போசிட் (ரெண்டருக்குப் பின் படத்தின்மேல் செய்யும்) வேலைகளை ஒட்டிய பிறகே செய்யவேண்டும். துண்டுக்குத் துண்டு செய்தால் விளக்குச் சுற்றின் ஒளி கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்.

கேள்வி: துண்டாக்கியும் கிராபிக்ஸ் கார்ட் நினைவகம் போதாது என்றே வருகிறது. ஏன்?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: துண்டாக்கினால் குறைவது படத்துக்கான இடம் மட்டும். உருவங்களும் டெக்ஸ்சர்களும் (பரப்பில் ஒட்டும் படங்கள்) எந்தத் துண்டுக்கும் முழுதாகவே ஏறும். சிம்பிளிஃபை பகுதியில் டெக்ஸ்சர் வரம்பை 2,048 ஆக்குங்கள். அடப்டிவ் சப்டிவிஷன் (பரப்பைத் தேவைக்கேற்ப முக்கோணங்களாகப் பிரிப்பது) போட்டிருந்தால் டைசிங் அளவைக் (ஒரு முக்கோணத்தின் பிக்சல் அளவு) கூட்டுங்கள். ரெசொலூஷன் ஏற ஏற முக்கோணங்களைப் பெருக்குவது இந்தச் சப்டிவிஷன்தான்.