பூட்டிய வீட்டை வேறொருவர் விற்றுவிட முடியுமா?

கேள்வி: தாம்பரத்தில் அப்பா எழுதி வைத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். மூலப் பத்திரம் என்னிடமே இருக்கிறது. அது போதுமா? (வாசகி, ஷார்ஜா)

பதில்: போதாது, சகோதரி. பத்திரம் தொலைந்ததாகச் சொல்லியோ, போலி இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் காட்டியோ, போலி பொது அதிகாரப் பத்திரம் (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தரும் ‘பவர்’ பத்திரம்) தயாரித்தோதான் பெரும்பாலும் மோசடி நடக்கிறது. பத்திரத்தைப் பதிவுசெய்யும் சார்பதிவாளர் இதைத் தடுத்துவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள்; சொத்துரிமையைத் தீர்மானிப்பது அவர் வேலை அல்ல.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் விவரம்) பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பழைய சர்வே எண்ணை மட்டும் போட்டுப் பார்த்து ‘பதிவு இல்லை’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். நிலம் பிரிக்கப்பட்டு உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய உட்பிரிவு எண் இரண்டிலும் தேட வேண்டும். பதிவாகாத ஆவணங்கள் வில்லங்கத்தில் வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் உடனே மாற்றுங்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் சொத்தைத்தான் மோசடிக்காரர்கள் முதலில் தேடுகிறார்கள். சொத்துவரி, மின் இணைப்பும் உங்கள் பெயருக்கு வரட்டும். யாருக்காவது அதிகாரம் கொடுத்தால் விற்கும் உரிமையைச் சேர்க்காதீர்கள்.

போலிப் பதிவு தெரியவந்தால் அதன் சான்றிட்ட நகலை வாங்கி, காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவிலும் மாவட்டப் பதிவாளரிடமும் புகார் கொடுங்கள். கூடவே சிவில் வழக்கும் தேவை. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் காலவரம்பு, விவரம் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டுகள்தான். வழக்கோடு, மறுவிற்பனையைத் தடுக்கும் இடைக்காலத் தடையும் கேளுங்கள்.