வெர்டிகா ரிவைவ்: லீஸ் முடியும் முன் மீறிப் போகலாமா? மீறிப் போனவனின் பதில்

நீங்கள் கேட்டது இதுதானே: வெர்டிகா டேட்டாபேஸ் ஓடிய பழைய கிளஸ்டரை (சேர்ந்து வேலை செய்கிற மெஷின் கூட்டத்தை) நிறுத்தியாகிவிட்டது, டேட்டா எல்லாம் அமேசானின் எஸ்3 சேமிப்புப் பக்கெட்டில் அப்படியே இருக்கிறது, புது மெஷின்களில் ரிவைவ் (அந்த டேட்டாவை வைத்தே டேட்டாபேஸை மறுபடி எழுப்பும் கட்டளை) கொடுத்தால் 'கிளஸ்டர் லீஸ் இன்னும் முடியவில்லை' என்று நின்றுவிடுகிறது, லீஸைக் கண்டுகொள்ளாதே என்கிற ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டிவிடலாமா?

வேண்டாம். 'தாராளமாகப் போடு, ஒன்றும் ஆகாது' என்று ஒரே வரியில் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். அப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் நானும் போட்டேன். அதனால் இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெர்டிகாவின் ஈயான் மோடில் டேட்டா மொத்தமும் பொதுச் சேமிப்பில் (இங்கே எஸ்3) இருக்கும், நோட்களில், அதாவது கிளஸ்டரின் ஒவ்வொரு மெஷினிலும், இருப்பது டெப்போ என்கிற உள்ளூர் கேஷும், எந்த டேட்டா எந்தக் கோப்பில் என்று சொல்கிற கேட்டலாக்கும்தான். அந்தப் பொதுச் சேமிப்பிலேயே ஒரு சின்ன ஜேசன் கோப்பில் 'இந்த நேரம் வரை இது என் கையில்' என்று ஓடுகிற கிளஸ்டர் எழுதி வைக்கும், உயிரோடு இருக்கும் வரை அந்த நேரத்தைத் தள்ளிக்கொண்டே போகும். லீஸ் என்றால் இவ்வளவுதான். ரிவைவ் அதைப் பார்த்துவிட்டு, இன்னொருவன் உள்ளே இருக்கலாம், காத்திரு என்கிறது. அது பிழை இல்லை, கதவில் தொங்குகிற பூட்டு.

எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று நோட் கிளஸ்டர். புது மெஷின்களுக்கு மாற வேண்டும், ஒரு ராத்திரிதான் அவகாசம். முதல் முயற்சியிலேயே தடுமாற்றம்: டெப்போவுக்கும் கேட்டலாக்குக்கும் பழைய கிளஸ்டரில் இருந்த அதே பாதை புது மெஷின்களிலும் இருக்க வேண்டும், நாங்கள் வேறு பெயரில் டிஸ்கை மவுண்ட் செய்திருந்தோம். டிஸ்ப்ளே ஒன்லி என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, எதையும் தொடாமல் எத்தனை நோட், என்னென்ன பாதை என்று மட்டும் காட்டிவிட்டு வெளியே வந்துவிடும். அதை முதலில் ஓட்டியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். சரி, அது போகட்டும்.

பாதையைச் சரிசெய்து மறுபடி ஓட்டினால் லீஸ் செய்தி வந்தது, 1:42 வரை என்று. காத்திருந்தேன். 1:45க்கு ஓட்டினேன், மறுபடி அதே செய்தி. இந்த முறை 1:57 என்று இருந்தது. அந்த இரண்டு நேரமும் ஒரே திரையில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. செத்துப்போன கிளஸ்டர் எப்படி லீஸைத் தள்ளிப்போடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'பழைய கிளஸ்டரை நிறுத்திட்டீங்களா?' என்று கூட இருந்தவரைக் கேட்டேன், 'நிறுத்திட்டேன் ப்ரோ' என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நிறுத்தியிருந்தார், ஆனால் டெஸ்ட் கிளஸ்டரை. பெயரில் இரண்டுக்கும் கடைசி ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். நான் ஆப்ஷனைச் சேர்த்து எண்டர் தட்டினேன், அழகாக ரிவைவ் ஆனது, டேட்டாபேஸும் ஸ்டார்ட் ஆனது. 'சூப்பர்' என்று சாட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் ஒரு பெரிய டேபிளில் குவெரி ஓட்டினால் கோப்பைக் காணோம் என்று விழுகிறது. பழைய கிளஸ்டர் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது, லோடு ஜாபும் அதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. வெர்டிகாவுக்குள் பின்னணியில் ஓடுகிற டியூப்பிள் மூவர் சின்னக் கோப்புகளைச் சேர்த்துப் பெரிய கோப்பாக்கும், பழையவை இனி யாருக்கும் வேண்டாம் என்று அழித்துவிடும். 'யாருக்கும்' என்று அது நினைப்பது தன் கேட்டலாக்கை மட்டும் பார்த்துத்தான். புதுக் கிளஸ்டரின் கேட்டலாக் இன்னும் அந்தக் கோப்புகளைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஒரே வீட்டை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் பெருக்கிச் சுத்தம் செய்த மாதிரி.

பக்கெட்டில் வெர்ஷனிங் (அழித்தாலும் பழைய நகலை வைத்திருக்கும் வசதி) போட்டிருந்தால் அழிந்த கோப்புகளைத் திரும்ப எடுத்திருக்கலாம். போடவில்லை, பில் கூடும் என்று யாரோ எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு கிளஸ்டரையும் நிறுத்தி, கெட்டுப்போன பார்ட்டிஷன்களைக் கண்டுபிடித்து, மூலக் கோப்புகளிலிருந்து மறுபடி ஏற்ற இரண்டு நாள் ஆனது. மூலக் கோப்புகள் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், திறமை இல்லை.

இந்த இரண்டு ராத்திரிக்கும் ஈடு விடுப்பு கேட்டேன். 'தப்பு உங்க டீமோடதுதானே' என்று பதில் வந்தது. தப்பு எங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் இதற்கு முன் நாங்கள் தப்பே செய்யாமல் கண் விழித்த ராத்திரிகளுக்கு மட்டும் என்ன கொடுத்தார்கள்? அதோடு நிற்கவில்லை, மூல காரணம் என்ன என்று ஒரு படிவம் வந்தது, ஐந்து வரிக்கு மேல் எழுதினால் ஏற்காது. சரி, விடுங்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

உடனே யாராவது வந்து 'நான் பலமுறை அந்த ஆப்ஷனைப் போட்டிருக்கிறேன், எதுவும் ஆகவில்லை' என்பார். இருக்கலாம். பழைய மெஷின்கள் டெர்மினேட் ஆகிவிட்டதை உங்கள் கண்ணால் கன்சோலில் பார்த்துவிட்டு, காத்திருக்கவே முடியாத அவசரத்தில் போட்டால் எதுவும் ஆகாதுதான். ஆப்ஷன் இருப்பதே அதற்குத்தான். நான் குறை சொல்வது, பார்க்காமல் போடுவதை. 'பேக்கப் எடுக்காதவன் பேசலாமா' என்று இன்னொருவர் கேட்பார், அதுவும் நியாயம்தான். ரிவைவ் என்பது பேக்கப் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு விபிஆர் என்கிற வெர்டிகாவின் பேக்கப் கருவியில் வேறு பக்கெட்டுக்குத் தனியாக எடுக்கிறோம்.

இன்னொன்று. பழையதை இன்னும் உங்களால் முறையாக நிறுத்த முடியும் என்றால், நிறுத்தும் முன் சிங்க் கேட்டலாக்கைக் கையால் ஒருமுறை ஓட்டுங்கள். இயல்பாகக் கேட்டலாக் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பொதுச் சேமிப்புக்குப் போகும், மெஷினைப் பட்டென்று அணைத்தால் கடைசியாக கமிட் ஆனவை போய்ச் சேராமல் போகலாம். ரிவைவ் ஆனதும் டெப்போ காலியாகத்தான் இருக்கும், முதல் நாள் குவெரிகள் எல்லாம் எஸ்3 வரை போய் வருவதால் மந்தமாக இருக்கும். அதைப் பார்த்து யாராவது புதுக் கிளஸ்டர் சரியில்லை என்று கிளப்பிவிடுவார்கள், பயப்படாதீர்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஆப்ஷன் எதுவும் சேர்க்காமல் ரிவைவை ஒருமுறை ஓட்டி, செய்தியில் வருகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது முறை நேரம் தள்ளிப்போயிருந்தால் கையை எடுத்துவிட்டு, அந்தப் பக்கெட்டில் யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இரண்டு நேரத்தையும் கீழே எழுதினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.