காஷ்மீர் ரயில் பாதையில் சரக்கு, ராணுவ ரயில்களும் ஓடுகின்றனவா? அட்டவணையில் ஒன்றையும் காணோமே?

ஓடுகின்றன. 2025 ஜூன் 6 அன்று ஜம்மு மலைகளில் விடுபட்டிருந்த கட்ரா–சங்கல்தான் பாதை திறந்த பிறகுதான் காஷ்மீர் பள்ளத்தாக்கு மற்ற இந்திய ரயில் பாதைகளோடு இணைந்தது. ஆகஸ்ட் 9 அன்று பஞ்சாபிலிருந்து 21 வேகன் சிமெண்ட் பள்ளத்தாக்கின் அனந்த்நாக் வந்து சேர்ந்தது. செப்டம்பரில் ஸ்ரீநகர் அருகிலுள்ள பட்காமிலிருந்து டெல்லிக்கு ஆப்பிள் பார்சல் ரயில். உண்மையான பலன் இதில்தான்: ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் மண் சரிந்தால் லாரிகள் நாள்கணக்கில் நிற்கும், பழம் அழுகும். அந்த மாதமும் அதுதான் நடந்தது.

ராணுவமும் குளிர்கால இருப்பை ரயிலில் ஏற்றியது; டிசம்பரில் டாங்கிகளும் பீரங்கிகளும் போயின.

சரக்கு ரயிலுக்குப் பயணிகள் அட்டவணையில் இடமில்லை. கட்டுப்பாட்டு அறை இடைவெளி பார்த்து அனுப்பும். ராணுவ ரயிலின் நேரத்தை முன்கூட்டி யார் சொல்வார்கள்?