நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் செல்லுக்குள் போய் என்ன வேலை செய்கிறது?

கேள்வி இதுதான்: "குளுக்கோஸை ஆக்சிஜன் எரித்து ஆற்றல் தருகிறது என்று படித்தோம். தீயே இல்லாமல் செல்லுக்குள் எப்படி எரியும்?"

சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். எனக்கு இதன் பதில் முதலில் கிடைத்தது ஆத்தூர் பக்கம், எங்கள் ஆயா வீட்டுக் களத்தில். அப்போது எனக்குப் பத்து வயது. அது பதில் என்று புரியவே இன்னும் பத்து வருஷம் ஆனது.

ஆயா வீட்டைச் சுற்றிக் குச்சிக்கிழங்குக் காடு. வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். எங்கள் பக்கத்துச் சேகோ ஆலைகளில் அரைபட்டு ஜவ்வரிசியாகிற அதே கிழங்கு. பள்ளி விடுமுறையில் மூன்று வெள்ளாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு ஆடுகள் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போய், கொழுந்தாகப் பார்த்து மேய்ந்துவிட்டன. திரும்பி ஓட்டி வரும்போதே பெரிய ஆடு தள்ளாடியது. களத்துக்கு வந்ததும் விழுந்து காலை உதைத்துக்கொண்டது, வாயில் நுரை. கால்நடை டாக்டர் வண்டியில் வந்து சேர்வதற்குள் அது செத்துவிட்டது. இரண்டாவது ஆடு கிடந்தபடி வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் அதன் கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே பளிச்சென்று சிவப்பு. ஊசி குத்திய இடத்தில் எட்டிப்பார்த்த ரத்தமும் அப்படித்தான், செம்பருத்திப் பூ மாதிரி. சாகக் கிடக்கிற ஆட்டுக்கு ரத்தம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மூச்சு நல்லாத்தான் விடுது தம்பி. ரத்தத்துல ஆக்சிஜனும் நிறைய இருக்கு. செல்லுதான் வாங்கிக்க மாட்டேங்குது."

சரி, செல் அதை வாங்கி என்ன செய்யும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் குளுக்கோஸைத் தொடுவதே இல்லை. சர்க்கரையை அடுப்பில் போட்டால் எல்லா ஆற்றலும் ஒரே மூச்சில் சூடாகப் போய்விடும். செல் அதே ஆற்றலைப் படிப்படியாக இறக்கி எடுக்கிறது, ஆக்சிஜன் வருவது கடைசிப் படியில்தான்.

ஜவ்வரிசியில் இருக்கிற மாவு, குளுக்கோஸ்கள் கைகோத்த சங்கிலி. குடலில் அது அறுபட்டு, ஒற்றைக் குளுக்கோஸாக ரத்தத்தில் கலந்து செல்லுக்குள் வருகிறது. அதில் 6 கார்பன். செல்லின் சாற்றில் பத்து வினைகளில் அது 3 கார்பன் கொண்ட பைருவேட் இரண்டாக உடைகிறது. இதற்குக் கிளைக்காலிசிஸ் என்று பெயர். இதில் 2 ஏடிபியைச் செலவழித்து 4 ஏடிபியைச் செல் திரும்பப் பெறுகிறது, கையில் நிற்பது 2. ஏடிபி என்பது செல்லின் சில்லறைக் காசு. தசை சுருங்கவும் நரம்பு துடிக்கவும் அதைத்தான் கொடுத்தாக வேண்டும். நம் உடம்பில் எந்த நேரத்திலும் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் ஒரு நாளில் திரும்பத் திரும்ப உருவாகிச் செலவாகும் ஏடிபியைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் உடல் எடைக்கு வரும்.

அப்புறம் பைருவேட், செல்லுக்குள் ஆற்றல் எடுக்கும் குட்டிக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அங்கே கார்பன் ஒவ்வொன்றாகக் கழன்று கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. முதல் கார்பன் வாசலிலேயே போகும், மீதி 1937-ல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்த சுழற்சியில் போகும். சுழற்சி முடிகிறபோது ஆறு கார்பனும் காலி. குளுக்கோஸ் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஆனால் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் இதுவரை எங்கேயும் வரவில்லை! நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் இருக்கிற ஆக்சிஜன் அணுக்கள் குளுக்கோஸிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கும் முதன்முதலில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

கார்பனெல்லாம் போய்விட்டது. கிளைக்காலிசிஸில் 2, சுழற்சியில் 2 என்று கையில் மொத்தம் 4 ஏடிபிதான். அப்படியானால் ஆற்றல் எங்கே? எலக்ட்ரான்களில் இருக்கிறது. குளுக்கோஸ் உடையும்போதே அதன் எலக்ட்ரான்களை என்ஏடி என்ற மூலக்கூறு சுமந்துகொண்டு போய்விடுகிறது (எஃப்ஏடி என்று அதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு). சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோளில் இருக்கிற மூட்டையைக் கிட்டங்கியில் இறக்கினால்தான் அடுத்த மூட்டைக்கு லாரியிடம் திரும்பி வர முடியும். என்ஏடியும் அப்படித்தான். ஒரு குளுக்கோஸுக்குப் பத்து நடை என்ஏடி, இரண்டு நடை எஃப்ஏடி. செல்லில் சுமக்கிற ஆட்கள் கொஞ்சம் பேர்தான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

மூட்டை இறங்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு. அங்கே வரிசையாகப் புரதங்கள். எலக்ட்ரான் ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் ஆற்றலை இழக்கிறது. அந்த ஆற்றலில் அந்தப் புரதங்கள் புரோட்டான்களை (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்) சவ்வுக்கு அந்தப் பக்கம் இறைத்துத் தள்ளுகின்றன.

சேலத்துக்காரர்களுக்கு இதற்கு மேட்டூரைத்தான் காட்ட வேண்டும். அணையில் தண்ணீர் ஏறி நிற்கிறது. திறந்துவிட்டால் பாய்ந்து வந்து டர்பைனைச் சுழற்றுகிறது, மின்சாரம் வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுதான் அணைச்சுவர், அடைபட்ட புரோட்டான்கள்தான் தண்ணீர். அந்தச் சுவரில் ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம் டர்பைன் மாதிரி பதிந்திருக்கிறது. புரோட்டான்கள் அதன் வழியே திரும்பி இறங்கும்போது அது நிஜமாகவே சுழல்கிறது, ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. 1997-ல் ஜப்பானில் மசசுகே யோஷிதாவின் குழுவினர் அந்தப் புரதத்தின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள். இந்தச் சவ்வின் தடிமன் ஒரு மீட்டரின் 20 கோடியில் ஒரு பங்கு. அதன் இரு பக்கமும் இருக்கும் மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அதை மீட்டர் கணக்கில் பெருக்கிப் பாருங்கள், 3 கோடி வோல்ட் வருகிறது! உங்கள் விரல் நுனியில் இப்போது அப்படி கோடிக்கணக்கான குட்டி அணைகள் நிற்கின்றன.

இப்படி ஓர் அணை இருக்கும் என்று 1961-ல் சொன்னவர் பீட்டர் மிட்செல். பல ஆண்டுகள் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. அவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, அதையே ஆய்வுக்கூடமாக்கி உட்கார்ந்து வேலை பார்த்தார். 1978-ல் நோபல் கிடைத்தது. உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும்.

இப்போது ஆக்சிஜனுக்கு வருவோம். வரிசையின் கடைசியில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற புரதம் நிற்கிறது. ஆற்றலெல்லாம் இறங்கிப்போன எலக்ட்ரான்களை அதனிடமிருந்து யாராவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிஜனின் வேலை இதுதான். எலக்ட்ரானையும் புரோட்டானையும் வாங்கித் தண்ணீராகிவிடுகிறது. நாம் இழுக்கிற மூச்சு முடிகிற இடம் அந்தத் தண்ணீர்.

இனி ஆட்டைப் பாருங்கள். குச்சிக்கிழங்கு இலையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. இலை நசுங்கியதும் செடியின் நொதியும் ஆட்டு வயிற்றின் நுண்ணுயிர்களும் அதை உடைக்க, ஹைட்ரஜன் சயனைடு கிளம்புகிறது. (சேகோ ஆலையில் கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, கழுவி, காய வைக்கும்போது இது போய்விடும். ஜவ்வரிசிக்குப் பயப்பட வேண்டாம்.) சயனைடு நேராகப் போய் அந்தக் கடைசிப் புரதத்தில், ஆக்சிஜன் உட்கார வேண்டிய இரும்பு அணுவிலேயே ஒட்டிக்கொள்கிறது. கிட்டங்கி வாசல் அடைபட்டது. எலக்ட்ரான்கள் வரிசை முழுக்கத் தேங்கி நிற்கின்றன, புரோட்டான் இறைப்பது நிற்கிறது, டர்பைன் ஓய்கிறது. மூட்டையை இறக்க முடியாமல் என்ஏடி எல்லாம் தோளில் சுமையோடு நிற்க, கிரெப்ஸ் சுழற்சியும் நின்றுபோகிறது. நுரையீரல் ஆக்சிஜனை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. வாங்க ஆள் இல்லாததால் ரத்தம் அதைச் சுமந்தபடியே திரும்புகிறது, அதனால்தான் அந்தச் செம்பருத்திச் சிவப்பு.

இந்த நிலையில் செல்லுக்கு ஒரே ஒரு வழி மிச்சம். என்ஏடியின் சுமையைப் பைருவேட்டின் மேலேயே இறக்கி அதை லாக்டேட் ஆக்குவது. என்ஏடிக்குத் தோள் காலியாகும், கிளைக்காலிசிஸ் ஓடும், குளுக்கோஸுக்கு 2 ஏடிபி கிடைக்கும். ஏற்காடு மலையில் கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் மிதித்து ஏறுகிறவர்களின் தொடையும் கொஞ்ச நேரம் இப்படித்தான் சமாளிக்கிறது. தசைக்கு அது ஆகும். மூளைக்கும் இதயத்துக்கும் 2 ஏடிபி எந்த மூலைக்கு?

முழு வழியும் திறந்திருந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். பழைய புத்தகங்களில் 38 அல்லது 36 என்று இருக்கும். இப்போது 30 முதல் 32 வரை என்று கணக்கிடுகிறார்கள். சவ்வு கொஞ்சம் கசிகிறது, ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து செல்லின் சாற்றுக்குக் கொண்டுவரவும் புரோட்டான் செலவாகிறது. தேர்வில் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதுங்கள், மனதில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிபியில் சேராத மீதி ஆற்றல் சூடாகிறது. நம் உடம்புச் சூடு அங்கிருந்து வருவதுதான்.

அன்று டாக்டர் இரண்டாவது ஆட்டுக்குச் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசி போட்டார். நைட்ரைட், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பங்கை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். சயனைடு கடைசிப் புரதத்தை விட்டுவிட்டு அதில் போய் ஒட்டும். தயோசல்பேட் கந்தகம் கொடுத்து அந்தச் சயனைடைத் தயோசயனேட் ஆக்கும், அது சிறுநீரில் போய்விடும். இதெல்லாம் பின்னால் கல்லூரியில் படித்தது. அன்று நான் பார்த்தது, ஆட்டின் மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்ததை மட்டும்தான். இருட்டுகிற நேரத்தில் முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. ஆயா அதன் காதை உள்ளங்கையில் பொத்திப் பார்த்துவிட்டு, "சூடு வந்துருச்சு" என்றார்.