பூ மணம் பழசாகிவிட்டதா?

கேள்வி: பூ வாசனை சென்ட் என்றாலே பாட்டி காலத்து நினைப்புதான் வருகிறது. அதிலும் இப்போது பாட்டிலில் இருப்பது பூவே இல்லை, வெறும் கெமிக்கல். பிறகு ஏன் ரோஜா, மல்லிகை என்று கம்பெனிகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன? எல்லாம் விளம்பர பலம்தானே?

பதில்: விளம்பர பலத்தால் ஒரு சரக்கைப் பத்து வருஷம் ஓட்டலாம். இரண்டாயிரம் வருஷம் ஓட்ட முடியாது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கரிடீஸ் எழுதிவைத்த லில்லி தைலச் செய்முறை, ஆயிரம் லில்லிப் பூ வேண்டும் என்கிறது. அவருக்கும் முன்பே எகிப்தில் பெண்கள் லில்லிப் பூக்களைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிகிற காட்சியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். அந்தப் பெண்களிடம் யார் போய் விளம்பரம் செய்தார்கள்?

சரி, கெமிக்கலுக்கு வருவோம். 'பூ இல்லை, கெமிக்கல்' என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறீர்களே, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. பூவிலிருந்து மணத்தைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

ரோஜா கொஞ்சம் இடம் கொடுக்கும். நீராவியில் வைத்தால் மணத்தை விட்டுத்தரும். ஆனால் பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கில் ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் இதழ் தேவைப்படுகிறது. வெயில் ஏறினால் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால் விடியலிலேயே பறித்தாக வேண்டும். மல்லிகையும் சம்பங்கியும் அதற்கும் மசியாது. கொதிநீராவி பட்டால் அவற்றின் மணம் கெட்டுவிடும். ஆனால் இந்த இரண்டு பூவுக்கும் ஓர் அபூர்வ குணம்: பறித்த பிறகும் மணத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். பிரான்ஸின் கிராஸ் நகரத்து ஆட்கள் இதை நன்றாகக் கவனித்து ஒரு முறையைக் கைவசப்படுத்தினார்கள். மரச்சட்டத்தில் பதித்த கண்ணாடித் தட்டில், வாசனை நீக்கிய பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் பூசி, அதன்மேல் ஜாதிமல்லியை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். மறுநாள் வாடிய பூவைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் புதுப் பூ வைக்க வேண்டும். கொழுப்பு மணத்தைக் குடித்துத் தீரும்வரை வாரக்கணக்கில் இதே வேலை. அப்புறம் அந்தக் கொழுப்பை ஆல்கஹாலில் கழுவி மணத்தைப் பிரிப்பார்கள். ஒரு கிலோ ஜாதிமல்லி என்றால் ஏறக்குறைய 8,000 பூ. அத்தனையும் கையால் பறித்தது. கிராஸ் வட்டாரத்தின் இந்த வாசனைத் திரவிய அறிவை 2018-ல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. நியாயமான கௌரவம்.

இவ்வளவு பாடுபட்டும் சில பூக்களிடம் மனிதர்கள் தோற்றுத்தான் போனார்கள். லில்லி ஆஃப் தி வேலி, லைலாக் போன்றவை எதைச் செய்தாலும் பயன்படுகிற மாதிரி எண்ணெய் தராது. வாசனைத் தொழிலில் இவற்றை ஊமைப் பூக்கள் என்பார்கள். வயலட் பூ ஏதோ கொஞ்சம் தரும்; விலையோ ராஜாக்களுக்குத்தான் கட்டும். 1893-ல் ஜெர்மனியில் டீமன், க்ரூகர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அயனோன் என்ற பொருளை உருவாக்கினார்கள். வயலட் மணம் சாதாரண மக்களின் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். லில்லி ஆஃப் தி வேலி மணம் கொண்ட சென்ட்டுகளில் பெரும்பாலானவை அந்தப் பூவிலிருந்து எடுத்தவை அல்ல. 1956-ல் டியோர் நிறுவனத்துக்காக 'டியோரிசிமோ'வை உருவாக்கிய எட்மோன் ருட்னிட்ஸ்கா, அந்தச் செடியைத் தன் தோட்டத்தில் வளர்த்து, முகர்ந்து முகர்ந்து, வேறு பொருள்களைக் கொண்டு அந்த மணத்தைக் கட்டியெழுப்பினார். அதைப் போலி என்பீர்களா? ஓவியர் வரைந்த பூவில் மகரந்தம் இல்லையே என்று கோபிப்பது போன்றது அது.

இயற்கையான மணம் என்றால் வெறும் இனிப்பு என்று நினைக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. மல்லிகையில் இண்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை நெடி. மலத்திலும் அதே பொருள் உண்டு. அதை முழுக்க எடுத்துவிட்டு மல்லிகை செய்து பாருங்கள், சோப்பு மாதிரி தட்டையாக இருக்கும். உயிருள்ள எதிலும் இருக்கிற அழுகலின் சாயல் கொஞ்சம் இருந்தால்தான் அது மல்லிகை. ரோஜாவிலும் ஒரு விசேஷம் உண்டு. எண்ணெயில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாத டமாஸ்கினோன் என்ற பொருளுக்கு அதன் மணத்தில் பெரிய பங்கு இருக்கிறது. பழம் இப்படி இல்லை, மரப்பட்டையும் இப்படி இல்லை. பூவுக்குள்தான் இனிப்பும் பச்சையும் தேனும் மிருக வாடையும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. எத்தனை முறை முகர்ந்தாலும் அலுக்காததற்கு இதையே நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

பாட்டி காலம் என்றீர்கள். எந்தப் பாட்டி? 1912-ல் ஊபிகான் நிறுவனத்தின் 'கெல்க் ஃப்ளேர்' பல பூக்களை ஒரே கொத்தாகக் கட்டியது. 1921-ல் எர்னஸ்ட் போ 'ஷனேல் நம்பர் 5'-ல் ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை மணப்பொருள்களைத் தாராளமாகச் சேர்த்து, மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் பளபளப்பு ஏற்றினார். 1948-ல் ஜெர்மெய்ன் செலியே என்ற பெண் சம்பங்கியை வைத்து 'ஃப்ராகா' செய்தார். அதில் அடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1966-ல் வந்த 'ஓ சவாஜ்' ஆண்களுக்கானது. அதன் காற்றோட்டமான புத்துணர்ச்சிக்குக் காரணம் மல்லிகையை ஆராய்ந்ததில் கிடைத்த ஹெடியோன் என்ற மணப்பொருள். பூ மணம் பிடிக்காது என்று சொல்கிற எத்தனையோ ஆண்கள் அதைத் தெரியாமலே பூசிக்கொள்கிறார்கள். 1998-ல் ஒரு சின்ன ரோஜாச் செடியை டிஸ்கவரி விண்கலத்தில் ஏற்றி, எடையற்ற நிலையில் அதன் மணம் எப்படி மாறுகிறது என்றுகூடப் பார்த்தார்கள். அந்த மணமும் பிறகு சென்ட்டில் சேர்ந்தது.

உங்களுக்குப் பாட்டி ஞாபகம் வருவது உண்மையாகவே இருக்கலாம். முகர்வுச் செய்தி மூளையில் நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கிற பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. ஒருவர் பூசியிருந்த பவுடர் வாசனையை அவரோடு சேர்த்தே மனம் பத்திரப்படுத்திவிடும். அதற்காகப் பூ இனத்தையே மூப்பில் தள்ளலாமா?

ஒரு விஷயத்தில் உங்கள் கோபம் சரி. பூந்தோட்டத்தைப் படம் காட்டி விற்கிற பாட்டிலின் லேபிளில் 'நறுமணம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பெரும்பாலான பொருள்களை ஒளித்துவைக்கிறார்கள். உள்ளே எவ்வளவு பூ, எவ்வளவு ஆய்வுக்கூடம் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். இதை உரக்கக் கேளுங்கள், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். செயற்கை என்பதாலேயே கெடுதல் இல்லை, இயற்கை என்பதாலேயே பத்திரமும் இல்லை. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். லில்லி ஆஃப் தி வேலி மணத்துக்குப் பல வருஷம் கைகொடுத்த லிலியல் என்ற பொருள் இனப்பெருக்க ஆற்றலைப் பாதிக்கலாம் என்று தெரியவந்தது. 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் அதைத் தடை செய்துவிட்டது. அதை நம்பியிருந்த சென்ட்டுகளையெல்லாம் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எண்ணெய் தராத அந்தச் சின்ன வெள்ளைப் பூவை வேறு வழியில் எழுப்புகிற முயற்சி ஆய்வுக்கூடங்களில் இன்னும் ஓயவில்லை.