"சிரிக்காதீங்கோ டொக்டர்": பயங்கள் பற்றிச் சில கேள்விகள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பல ஒரே மாதிரித் தொடங்கியிருந்தன: "இதை வாசித்துவிட்டுச் சிரிக்காதீங்கோ டொக்டர்." நான் சிரிக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே நிறையப் பேர் சிரித்துவிட்டார்கள் என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. பல்லி கடிக்காது, ஊசி ஒரு நொடிதான் வலிக்கும் என்பதெல்லாம் பயப்படுகிறவருக்கும் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்பதில்லை, அதுதான் அவருடைய கஷ்டமே. எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கல்யாணம் முடித்து உப்புவெளிக்கு வந்து எட்டு மாதம். இந்த வீட்டுக் குசினியில் பல்லி அதிகம். சுவரில் ஒன்று இருந்தாலும் உள்ளே போகமாட்டேன். இரவில் தண்ணீர் குடிக்கவும் அவரை எழுப்புகிறேன். மாமி நல்லவர்தான், ஆனால் வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். போன கிழமை இவர் பிளாஸ்டிக் பல்லி ஒன்றை வாங்கிவந்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார், பயம் தெளியட்டும் என்று. இப்போது கட்டிலில் படுக்கவும் பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் கணவருக்கு. தம்பி, நீங்கள் உதவி செய்யத்தான் நினைத்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பயத்தில் இருப்பவருக்கு இரண்டு உறுதி வேண்டும்: அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், போதும் என்றால் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். தலையணைப் பல்லி இரண்டையும் ஒரே இரவில் பறித்துவிட்டது. மனைவியிடம் ஒரு மன்னிப்புக் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி உங்களுக்கு, மகளே. பல்லிக்கு விஷம் கிடையாது. பல்லி விழுந்த கறியைக் கொட்டுவது சரிதான், அதன் எச்சத்தில் வயிற்றைக் குழப்பும் கிருமிகள் இருக்கலாம். ஆனால் அது நஞ்சு என்று ஊரில் சொல்வது உண்மையில்லை. இதைச் சொன்னதும் உங்கள் பயம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிற சமூகம் நாம். அது "சொல்லும்" சத்தத்துக்குச் சுண்டுவிரலால் தரையில் தட்டுகிற வீடுகளில்தான் வளர்ந்தோம். பல்லி என்றதும் மனம் நிமிர்ந்து உட்காருவது நமக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. சிலருக்கு அது பயமாக முற்றிவிடுகிறது.

பயம் வளர்கிற விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். பல்லியைக் காண்கிறீர்கள், நெஞ்சு அடிக்கிறது, ஓடி வருகிறீர்கள், நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் கெடுதல் செய்கிறது. "ஓடியதால்தான் தப்பினேன்" என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் முன்னதாகவே ஓடச் சொல்கிறது. குசினி வாசலில் தொடங்கியது கட்டில் வரைக்கும் வருவது இப்படித்தான்.

இதை மாற்ற ஒரு கொப்பி எடுங்கள். பல்லியோடு சம்பந்தப்பட்ட பத்து விடயங்களை, பயம் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுதுங்கள். "பல்லி" என்ற சொல்லைப் பார்ப்பது, படம் வரைவது, போனில் படம் பார்ப்பது, வீடியோ பார்ப்பது, விறாந்தையில் நின்று குசினிச் சுவரைப் பார்ப்பது, வாசற்படியில் நிற்பது, பல்லி இருக்கும்போதே உள்ளே போய் ஒரு கோப்பை தண்ணீர் எடுப்பது, இப்படி. ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் ஒரு படியில் நில்லுங்கள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி கொடுங்கள். எட்டில் இருக்கும்போது விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது நாலுக்கு இறங்கும் வரை நில்லுங்கள். கட்டாயம் இறங்கும். உடம்பால் அந்த உச்சத்தை நெடுநேரம் பிடித்துவைத்திருக்க முடியாது. ஒரு படி சலிப்புத் தட்டினால் அடுத்ததுக்குப் போகலாம்.

சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஊஸ்ட், இப்படிப்பட்ட தனிப் பயங்களை மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் பெருமளவு குறைக்கலாம் என்று 1989இல் எழுதிக் காட்டினார். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்து செய்கிற வேலை அது. வீட்டில் தனியாகச் செய்கிற நீங்கள் ஒரு மாதம் எடுத்தாலும் குறையில்லை.

மாமியிடம் இரண்டு கோரிக்கை. சிரிப்பை நிறுத்துங்கள் அம்மா. அதோடு, மருமகள் வருமுன் ஓடிப்போய்த் தும்புத்தடியால் பல்லியை விரட்டிக் கொடுக்கவும் வேண்டாம். அன்பாகச் செய்தாலும் அது அவர் ஓடுவதற்குச் சமம்தான்.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன், உயிரியல் பிரிவு. டெங்குக் காய்ச்சலுக்கு இரத்தம் எடுத்தபோது மயங்கி விழுந்துவிட்டேன். இது மூன்றாவது தடவை. கூட்டாளிமார் பகிடி பண்ணுகிறார்கள். இந்த நிலையில் மருத்துவம் படிக்கலாமா?

படிக்கலாம் தம்பி. உங்கள் பயம் மற்றப் பயங்களைப் போன்றதல்ல. நாயையோ பல்லியையோ கண்டு பயப்படும்போது இரத்த அழுத்தம் கூடும், அதனால் மயக்கம் வராது. இரத்தம், ஊசி, காயம் சம்பந்தமான பயத்தில் மட்டும் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சடாரென்று இறங்கும். மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து ஆள் விழுகிறார். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. பல வேளைகளில் குடும்பத்தில் ஓடுகிற இயல்பு இது. அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், ஒருவராவது "எனக்கும்தான்" என்பார்.

"உடம்பைத் தளரவிடு, மூச்சை இழுத்து விடு" என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு அது எதிராக வேலை செய்யும். அழுத்தம் இறங்குகிறவர் உடம்பை இறுக்க வேண்டும். கால், தொடை, வயிறு, கை எல்லாவற்றையும் பத்துப் பதினைந்து விநாடி இறுக்குங்கள், முகம் சூடாகிற வரை. பிறகு சாதாரண நிலைக்கு வந்து அரை நிமிடம் விடுங்கள். இப்படி ஐந்து தடவை. தினமும் வீட்டில் பழகி, ஊசி போடும் நாளில் ஊசி ஏறாத கையையும் கால்களையும் இறுக்குங்கள். மேலே சொன்ன ஊஸ்ட் அவர்களே இந்த முறையையும் வகுத்தவர். தாதியிடம் முதலிலேயே "நான் மயங்குவேன், படுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் இதைத் தினம் பார்க்கிறவர்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மான் அவன் கையிலிருந்த தின்பண்டப் பையைப் பிடித்து இழுத்துவிட்டது. அதற்குப் பிறகு டவுனுக்குக் கூட்டிப்போனால் தூக்கு என்று அழுகிறான். வேறு ஊர் என்றால் பரவாயில்லை, இது திருகோணமலை. மான் இல்லாத தெரு எங்கே இருக்கிறது?

உண்மைதான், நம்முடைய ஊரில் மானைத் தவிர்த்து வாழ முடியாது. அதனால்தான் இது சீக்கிரம் சரியாகும் என்கிறேன்.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூட்டோடு தூரத்தில் வைத்தார்கள். அவன் நிம்மதியாக இருக்க இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொண்டிருந்தான். பயத்துக்கான சிகிச்சை வரலாற்றில் இன்றும் பேசப்படுகிற பிள்ளை அவன்.

உங்களுக்கு ஒரேயொரு மாற்றம் செய்ய வேண்டும். பீட்டருக்குத் தின்பண்டம் உதவியது. மான்கள் மேய்கிற பிரெடெரிக் கோட்டைக்குள் நீங்கள் தின்பண்டப் பையைத் திறந்தால் மான்கள் உங்களிடமே வந்துவிடும்! ஆகவே சாப்பாட்டுக்குப் பதில் கதை, விளையாட்டு. முதல் நாள் ஓட்டோவுக்குள் இருந்தபடியே பார்க்கட்டும். பிறகு இறங்கி, தூரத்து மர நிழலில் அமர்ந்து எண்ணச் சொல்லுங்கள்: எத்தனை குட்டி, எத்தனைக்குக் கொம்பு? எண்ணுகிற பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறது. கொம்புள்ள கலைமானுக்கு மிகக் கிட்டப் போகாமல் இருப்பது புத்தி, அதை அவனுக்கு அப்படியே சொல்லிக்கொடுங்கள். மான் வரும்போது உங்கள் கை அவன் கையை இறுக்காமல் இருக்கட்டும். பிள்ளைகள் முதலில் வாசிப்பது நம் கையைத்தான்.

கேள்வி: கோணேசர் கோயிலுக்குப் போய் இராவணன் வெட்டுப் பக்கம், மலை விளிம்பில் நின்று கடலைப் பார்த்தபோது, கையிலிருக்கும் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று ஒரு எண்ணம் வந்தது. நடுங்கிப்போனேன். அதன் பிறகு கோயிலுக்கே போகவில்லை. நான் ஒரு தாயா?

நீங்கள் தாய் என்பதால்தான் நடுங்கினீர்கள், தங்கச்சி. உயரத்தில் நிற்கும்போது "குதித்துவிடுவேனோ" என்ற எண்ணம் மிகவும் சாதாரணம். சாகும் எண்ணம் ஒருநாளும் இருந்திராத பலருக்கும் அது வருகிறது என்று 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்கு அவர்கள் தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது: விளிம்பைக் கண்டதும் உடம்பு உங்களைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கிறது; ஏன் பின்வாங்கினேன் என்று மனம் பிறகு யோசித்து, தவறான காரணத்தைக் கண்டுபிடிக்கிறது.

இந்த எண்ணத்தை அடக்கப் பார்க்காதீர்கள், அடக்க அடக்க வரும். வந்தால் வரட்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூசை பாருங்கள். ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்: பிள்ளை பிறந்ததிலிருந்து தூக்கமில்லாமல், அழுதுகொண்டு இருக்கிறீர்களா? சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? யாரோ செய்யச் சொல்வது போலக் கேட்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் நாளைக்கென்று வைக்காமல் இன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கேள்வி: வெளியே போகுமுன் காஸ் சிலிண்டரைப் பத்துப் பன்னிரண்டு தடவை பார்க்கிறேன். இப்போது போனில் படமும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

2021 கடைசியில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது நம் எல்லோருக்கும் இந்தப் பயம் இருந்தது. அன்றைக்கு அது நியாயமான பயம். ஆனால் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் உறுதி கூடுவதில்லை, நம் நினைவின் மேல் உள்ள நம்பிக்கைதான் தேய்கிறது. பன்னிரண்டாம் தடவை பார்த்தவருக்குத்தான் சந்தேகம் அதிகம். சிலிண்டர் மாற்றும் நாளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பாருங்கள், அது தேவையான வேலை. மற்ற நாட்களில் ஒரு தடவை, கையை வைத்து, "மூடிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். படமும் வேண்டாம், அதுவும் பார்ப்பதில் சேர்ந்ததுதான். இப்படிப்பட்ட சரிபார்ப்புகளில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதென்றால் அது எண்ண-சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். நல்ல சிகிச்சை உண்டு, வந்து காட்டுங்கள்.

கேள்வி: 2004இல் கடல் என் தங்கச்சியைக் கொண்டுபோனது. எனக்கு இப்போது மகள் இருக்கிறாள், பதின்மூன்று வயது. சிநேகிதிகளோடு நிலாவெளிக் கடற்கரைக்குப் போகக் கேட்கிறாள். நான் விடுவதில்லை. நானும் இத்தனை வருடம் கடல் பக்கம் போகவில்லை. என்னுடையது வீண் பயம் என்று மகள் சொல்கிறாள்.

வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன், அக்கா. அது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். யாரும் எச்சரிக்கவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து அலை இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தும், சொல்வதற்கு ஒரு வழி இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 35,000க்கும் மேல். உங்கள் தங்கச்சி அதில் ஒருவர். அந்தக் கடலைக் கண்டு நீங்கள் பயப்படாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது பயத்தைவிட அதிகம், ஆறாத துக்கம். அதனால் மற்றவர்களுக்குச் சொன்ன படிப்படியான பயிற்சியை உங்களுக்கு முதலில் சொல்லமாட்டேன். முதலில் தங்கச்சியைப் பற்றி யாரிடமாவது முழுதாகப் பேசுங்கள். மகளிடமே பேசலாம். அவள் பிறக்குமுன் நடந்தது அது. சித்தியின் சிரிப்பு எப்படி, என்ன பாட்டுப் பாடுவாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கடலுக்குப் போகாதே என்ற கட்டளை மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

அப்புறம், இன்றைய நிலையையும் பாருங்கள். இந்து சமுத்திரத்துக்கு இப்போது எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? சுமாத்திராப் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தவுடனேயே நம் கரையோர மக்களை விலகச் சொன்னார்கள். பெரிய அலை வரவில்லை, ஆனால் செய்தி வந்தது. மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் சிப்பி பொறுக்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு, யாருக்காகவும் காத்திருக்காதே. நீந்தவும் பழக்குங்கள். மாரி மாதங்களில் நம் கடல் முரடு, அப்போது இறங்க வேண்டாம். வைகாசியிலிருந்து ஆவணி வரை பெரும்பாலும் அமைதி. இதெல்லாம் கடலை மதிக்கிற பயம், அது அவளிடம் இருக்கட்டும்.

உங்களுக்கு மனம் வரும் நாளில், காலையில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மணலின் தொடக்கம் வரை போங்கள். அதற்கு மேல் அன்றைக்குத் தேவையில்லை.

கேள்வி: எனக்கு ஐம்பத்திரண்டு வயது, மூதூர்ப் பக்கம். திருவிழாவில் வெடி கொளுத்தினால் என்னையறியாமல் நிலத்தில் படுத்துவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

ஐயா, இந்தத் தலைப்பின் கீழ் உங்கள் கடிதத்தைச் சேர்ப்பதா என்று வெகுநேரம் யோசித்தேன். உங்களுடையது காரணமில்லாத பயமல்ல. சத்தம் கேட்டால் படு என்று உங்கள் உடம்பு படித்தது ஒரு காலத்தில் உங்களைக் காப்பாற்றியது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று உடம்புக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. கடிதத்தில் எழுதி முடிகிற விடயமில்லை இது. அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள், கட்டணம் இல்லை. வரும்போது உங்கள் மனைவியையும் கூட்டிவாருங்கள், இரவில் நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார். அதுவரைக்கும், எத்தனை மணிக்கு வெடி என்று கோயில்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளிடம் "தாத்தாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது" என்று சொன்னால் போதும், உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.