டைட்டில் நைன்: கல்லூரி விளையாட்டில் பெண்களுக்கு எத்தனை இடம்?

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் மாணவியரும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஆண்கள் அணிகளுக்குச் செலவிடும் அதே தொகையைப் பெண்கள் அணிகளுக்கும் செலவிட வேண்டும் என்று டைட்டில் நைன் சட்டம் சொல்கிறதா?

சொல்லவில்லை. 1972-இல் நிறைவேறிய இச்சட்டத்தின் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்களே. அதில் விளையாட்டைப் பற்றிய பேச்சே கிடையாது. ஒன்றிய அரசின் நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பாலினத்தைக் காரணமாக்கி எவரையும் ஒதுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதை விளையாட்டுக்கு எவ்வாறு பொருத்துவது என்பதை 1979-இல் வெளியான கொள்கை விளக்கம் வகுத்தது. அதன்படி, ஆடும் வாய்ப்பைப் பொறுத்தவரை, மூன்று வழிகளில் ஒன்றில் கல்லூரி தேறினால் போதும்: மாணவர் தொகையில் பெண்களின் பங்குக்கு ஏறத்தாழ இணையாக விளையாட்டிலும் இடம் தருவது, பெண்களுக்கான அணிகளைத் தொடர்ந்து பெருக்கி வந்திருப்பதைக் காட்டுவது, அல்லது மாணவியரின் ஆர்வமும் திறமையும் ஏற்கெனவே முழுமையாக நிறைவு செய்யப்பட்டிருப்பதை நிறுவுவது.

முதல் வழியை ஒரு கணக்கால் விளக்கலாம். மாணவர்களில் 55 விழுக்காட்டினர் பெண்களாக உள்ள ஒரு கல்லூரியில், விளையாடும் 500 பேரில் 200 பேர் மட்டுமே பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்களின் 300 இடங்களில் ஒன்றையும் குறைக்காமல் இதைச் சரிசெய்வதற்குப் பெண்களுக்குப் புதிதாக ஏறத்தாழ 167 இடங்கள் வேண்டும். ஓர் அணியைச் சேர்த்ததும் அடைபடும் பள்ளம் அல்ல இது.

உதவித்தொகை மட்டும் விளையாடுவோரின் விகிதப்படி பகிரப்பட வேண்டும். பயிற்சியாளர், பயணம், உடைமாற்றும் அறை போன்றவற்றில் பார்க்கப்படுவது தொகை அல்ல, தரம். அமெரிக்கக் கால்பந்துத் தலைக்கவசம் டென்னிஸ் மட்டையைவிட விலை கூடுதல் என்பதால் மட்டும் சட்டம் மீறப்பட்டதாகாது.

கேள்வி: எங்கள் மகனின் மல்யுத்த அணியைக் கலைத்துவிட்டார்கள். டைட்டில் நைன்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

உங்கள் மகனின் இழப்பு சிறியதல்ல. ஆனால் பழி வேறிடத்துக்குப் போய்விட்டது. ஆண்கள் அணியைக் கலைக்கும்படி இச்சட்டம் எங்குமே கட்டளையிடவில்லை. கலைக்கும் கல்லூரியை நீதிமன்றங்கள் தடுப்பதில்லை என்பது மெய்தான். என்றாலும், அது விரும்பத்தகாத நடைமுறை என்று கல்வித் துறையே 2003-இல் தெளிவுபடுத்தியது. பெரிய கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே நூறு பேருக்கு மேல் கொள்கிறது. அவ்வளவு பெரிய அணி பெண்களுக்குக் கிடையாது. அந்த அணியின் அளவிலும் செலவிலும் கைவைக்கத் துணியாத நிர்வாகம், எளிய அணியின் தலையில் கைவைக்கிறது.

கேள்வி: பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைவு என்று கல்லூரி வாதிட முடியாதா?

பிரவுன் பல்கலைக்கழகம் அவ்வாறு வாதிட்டுத் தோற்றது. 1991-இல் அது பெண்களின் ஜிம்னாஸ்டிக்ஸ், கைப்பந்து அணிகளுக்கும் ஆண்களின் இரு அணிகளுக்கும் தந்துவந்த நிதியை நிறுத்தியது. மாணவியர் வழக்குத் தொடுத்தனர். வாய்ப்பும் பழக்கமும் இருந்தால்தான் ஆர்வம் வளரும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் கூறியது. இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் தீர்ப்பு அது.

கேள்வி: கல்லூரி வெளியிடும் எண்ணிக்கையை நம்பலாமா?

சரிபார்த்த பிறகே நம்புங்கள். 2009-இல் குவினிப்பியாக் பல்கலைக்கழகம் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைக்க முற்பட்டபோது வழக்கு எழுந்தது. அறிக்கைக்காக எண்ணும் நாளுக்கு முன் ஆண்கள் அணிகளிலிருந்து சிலரை நீக்கி, பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டது விசாரணையில் வெளிவந்தது. நெடுந்தூர ஓட்டத்தில் இருந்த பெண்களை உள்ளரங்க, வெளியரங்கத் தடகள அணிகளிலும் சேர்த்து, ஒரே பெண்ணை மூன்று முறை எண்ணியிருந்தார்கள். புதிதாகச் சேர்த்த சியர்லீடிங்கை விளையாட்டாகக் கணக்கிட முடியாது என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. ஆகவே பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். பருவம் முழுவதும் போட்டியில் உண்மையாக இறங்கியவர்கள் யார் என்று ஆட்டக் குறிப்புகளில் பாருங்கள். கல்லூரிகள் ஆண்டுதோறும் கல்வித் துறைக்கு அளிக்கும் விளையாட்டுக் கணக்குகளும் இணையத்தில் எவரும் காணக் கிடைக்கின்றன.

கேள்வி: தனியார் கல்லூரிக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். மாணவர்கள் ஒன்றிய அரசின் கல்வி உதவி பெற்றாலே போதும்; 1988-இன் சட்டத்துக்குப் பிறகு கல்லூரி முழுவதும் இதற்குள் வந்துவிடுகிறது.

கேள்வி: கல்லூரிகள் இப்போது வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றனவே, அதில் பெண்களுக்குப் பங்கு உண்டா?

இன்னும் தீராத வழக்கு இது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த ஒரு கல்லூரி முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களோடு பகிரலாம். இத்தொகைக்கும் டைட்டில் நைன் பொருந்தும் என்று கல்வித் துறை அவ்வாண்டு ஜனவரியில் அறிவித்தது. பிப்ரவரியில் புதிய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அதே உடன்பாட்டில் உள்ள, முந்தைய ஆண்டுகளுக்கான இழப்பீட்டுப் பங்கீட்டில் பெண்கள் வஞ்சிக்கப்பட்டதாக வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தனர். பெருந்தொகையை அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் ஒதுக்குவது சட்டத்தின் நோக்கத்துக்கே முரண் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் மகளின் அணிக்கு உடைமாற்ற அறைகூட இல்லை. புகார் செய்தால் அவளைப் பழிவாங்குவார்களோ என்று அஞ்சுகிறோம்.

1976 மார்ச்சில் யேல் பல்கலைக்கழகத்தின் படகோட்டும் பெண்கள் 19 பேர் ஓர் அதிகாரியின் அறைக்குள் சென்று, மேலாடை களைந்து, உடம்பில் எழுதியிருந்த டைட்டில் நைன் என்ற சொற்களைக் காட்டி நின்றார்கள். படகுத் துறையில் பெண்களுக்குக் குளியலறை இல்லை. ஆண்கள் குளித்து முடிக்கும்வரை குளிர்காலத்தில் ஈர உடையோடு பேருந்தில் அமர்ந்திருந்தவர்கள் அவர்கள். செய்தி நாளிதழில் வந்தது. வசதியும் பின்னர் வந்தது.

உங்கள் மகள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் இச்சட்டத்துக்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். முதலில் அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். புகார் கூறியவரைப் பழிவாங்குவதும் இதே சட்டத்தை மீறுவதே என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கல்வித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவுக்குப் போவதானால், பொதுவாகச் சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் மனு சேர வேண்டும். எனவே ஆண்கள் அணியின் அறையையும் பெண்களுக்குத் தரப்பட்ட இடத்தையும் நாள் தெரியும்படி இந்த வாரமே படமெடுத்து வைத்துவிடுங்கள்.